முகத்தில் ஒரு பக்கம் வலித்தால் சீனி வருத்தத்தைச் சொல்லுங்கள்

(தோட்டத் தலைவர்களுக்கும் மாதர் சங்கத் தலைவிகளுக்குமான சுகாதாரக் கருத்தரங்கில் நமது சங்கத்தின் சுகாதாரக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளம், வீடு, காணி, சேமலாப நிதி என்று நாம் கூடிப் பேசும் விடயங்கள் பல. இன்று ஒரு நோயைப் பற்றிப் பேசப் போகிறோம். அதுவும் அபூர்வமான ஒரு நோய். இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலர் தமது வாழ்நாளில் இந்த நோயாளி ஒருவரைக்கூடக் காணாமல் இருக்கலாம். அப்படியானால் ஒரு தொழிற்சங்கக் கூட்டத்தில் இதை ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்பது நியாயம்.

இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, இந்த நோய் பெரும்பாலும் யாரைத் தேடி வருகிறது என்பது. கட்டுப்பாடில்லாத சீனி வருத்தம் உள்ளவர்களை அது தேடி வருகிறது. சீனி வருத்தக்காரர் ஒருவரும் இல்லாத லயத்தை இன்று தேடித்தான் பார்க்க வேண்டும். இரண்டாவது, இந்த நோயில் உயிர் பிழைப்பதும் பிழைக்காததும் எத்தனை நாளில் அது கண்டுபிடிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்திருக்கிறது. தோட்டத்து மனிதன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர எத்தனை நாள் ஆகிறது என்பது சங்கத்தின் பிரச்சினை அல்லவா? அதனால்தான் பேசுகிறோம்.

நோயின் பெயர் மியுகோர்மைகோசிஸ். 2021ஆம் ஆண்டு கொவிட் காலத்தில் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் "கறுப்புப் பங்கசு" என்று சொன்னது இதைத்தான். அந்த ஆண்டு இந்தியாவில் சில மாதங்களுக்குள் 45,000க்கும் அதிகமானோர் இந்த நோயால் பாதிக்கப்பட்டார்கள். கொவிட் நோயுடன் கட்டுப்பாடில்லாத சீனியும், அளவுக்கு மீறிக் கொடுக்கப்பட்ட ஸ்டீரொயிட் மருந்தும் சேர்ந்ததே அதற்குப் பெரிய காரணமாகச் சொல்லப்பட்டது. கொவிட் போய்விட்டது, இந்த நோயும் போய்விட்டது என்று நாம் நினைத்துக்கொண்டோம். அது சரியல்ல. 1885ஆம் ஆண்டிலேயே மனித உடலில் இந்த நோய் விவரிக்கப்பட்டுவிட்டது. 1943இல் அமெரிக்க வைத்தியர்கள் மூவர், சீனி முற்றிய நோயாளிகள் மூன்று பேருக்கு மூக்கில் தொடங்கிக் கண் வழியாக மூளைக்கு ஏறி உயிரைப் பறித்த நோயைப் பற்றி எழுதினார்கள். கொவிட் வருவதற்கு முன்னரும் நமது நாட்டில் இந்த நோயாளிகள் இருந்தார்கள். சீனி வருத்தம் இருக்கும்வரை இதுவும் இருக்கும்.

நமது நாட்டில் சீனி வருத்தத்தின் நிலை என்ன? 2008ஆம் ஆண்டு வெளியான ஒரு நாடளாவிய ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்கு இந்த வருத்தம் இருப்பதாகக் கண்டது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோருக்குத் தமக்கு வருத்தம் இருப்பதே அதுவரை தெரியாது. இந்த இரண்டாவது கணக்கைத்தான் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வருத்தம் இருப்பது தெரியாதவர், வைத்தியரிடம் அதை எப்படிச் சொல்லுவார்?

பங்கசு நமக்குப் புதிதல்ல

தோழர்களே, பங்கசு என்றால் என்ன என்று மலையகத் தொழிலாளிக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. நமது சரித்திரத்தையே மாற்றியது ஒரு பங்கசுதான். நமது முன்னோர்கள் இந்தியாவில் இருந்து கோப்பிக் காட்டுக்குத்தான் வந்தார்கள். 1869ஆம் ஆண்டு மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலையில் துருப்போல ஒரு நோய் கண்டது. இருபது வருடத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்து, அந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. பிறகு 1946இல் தேயிலைக் கொழுந்தில் கொப்புளம் விழும் நோய் இலங்கைக்கு வந்தது. அதுவும் பங்கசுதான்.

கொப்புள நோயை நாம் எப்படிப் பார்க்கிறோம்? மழையும் பனியும் சேர்ந்த காலத்தில், இளங்கொழுந்தில் ஊசிமுனை அளவு எண்ணெய்ப் புள்ளி போலத் தெரியும்போதே கங்காணியும் வெளிக்கள உத்தியோகத்தரும் விழித்துக்கொள்கிறார்கள். மருந்தடிக்க ஆள் பிரிக்கிறார்கள். மலை முழுவதும் இலை கருகும்வரை யாரும் காத்திருப்பதில்லை. காத்திருந்தால் செடி போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

மனிதனைத் தாக்கும் பங்கசு வேறு இனம். தேயிலையில் வருவது மனிதனுக்குத் தொற்றாது. ஆனால் பாடம் ஒன்றுதான். புள்ளியில் கண்டால் காப்பாற்றலாம். கருகிய பிறகு கண்டால் வெட்டி எறிய வேண்டும். தேயிலைச் செடிக்குக் காட்டும் அந்த அவசரத்தைத் தேயிலை பறிக்கிறவளின் முகத்துக்கும் காட்டுங்கள் என்பதுதான் நமது வேண்டுகோள்.

இது எப்படி வருகிறது

இந்தப் பங்கசு இனம் எங்கும் இருக்கிறது. மண்ணில், அழுகிய இலைகுழையில், எருக்குழியில், பழுதான பழத்தில், பழைய பாணில் படரும் பூஞ்சணத்தில் எல்லாம் இருக்கிறது. அதன் வித்துக்கள் கண்ணுக்குத் தெரியாத தூளாகக் காற்றில் பறக்கின்றன. நாம் எல்லோரும் அதை ஒவ்வொரு நாளும் மூச்சில் இழுக்கிறோம். ஒன்றும் ஆவதில்லை. நமது இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் அவற்றை அழித்துவிடுகின்றன. ஆகவே எருக்குழியைக் கண்டு பயப்பட வேண்டாம். பாணைக் கண்டும் பயப்பட வேண்டாம். இந்த நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை. நோயாளியைத் தனியாக ஒதுக்கி வைப்பதோ, அவர் குடித்த கோப்பையைத் தள்ளி வைப்பதோ அநியாயம்.

சீனி மிகவும் கூடி நிற்கும் உடலில் கதை மாறுகிறது. வெள்ளை அணுக்கள் சோர்ந்துபோகின்றன. இன்சுலின் போதாமல் உடல் தன் கொழுப்பையே எரிக்கத் தொடங்கும்போது கீட்டோன் என்ற பொருள் சேர்ந்து, இரத்தம் அமிலமாகிறது. அப்போது, கட்டுண்டு கிடக்க வேண்டிய இரும்புச் சத்து இரத்தத்தில் அவிழ்ந்து விடுகிறது. இந்தப் பங்கசுக்கு இரும்புதான் பிடித்த எரு. மூக்கில் இறங்கிய வித்து முளைத்து, இழை விட்டு, இரத்தக் குழாயின் சுவரைத் துளைத்து உள்ளே போகிறது. குழாய் அடைபடுகிறது. இரத்தம் போகாத சதை செத்துக் கறுக்கிறது.

இதை நன்றாகக் கவனியுங்கள். கறுப்பு என்பது பங்கசின் நிறமல்ல, செத்த சதையின் நிறம். "கறுப்புப் பங்கசு" என்ற பெயரைக் கேட்டுவிட்டு, முகம் கறுக்கட்டும் பார்ப்போம் என்று ஒருவர் காத்திருந்தால், அவர் நோயின் தொடக்கத்துக்காகக் காத்திருக்கவில்லை. நோய் ஏற்கெனவே பாதித் தூரம் போய்விட்டது. பெயரே நம்மை ஏமாற்றுகிறது.

எதைக் கண்டால் சந்தேகப்பட வேண்டும்

அடையாளங்களைச் சொல்லுகிறோம். தலைவிமார் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: கன்னத்தில், கண்ணைச் சுற்றி, அல்லது நெற்றியில் ஒரு பக்கம் மட்டும் வலி அல்லது வீக்கம்.

இரண்டு: கன்னத்தில் ஒரு பக்கம் விறைப்பு, மதமதப்பு. தொட்டால் உணர்ச்சி குறைவு.

மூன்று: ஒரு பக்க மூக்கடைப்பு. இரத்தம் கலந்த அல்லது கறுத்த சளி.

நான்கு: மேல்வரிசைப் பல்வலி, நல்ல பல் ஆடுதல், பல் பிடுங்கிய குழி ஆறாமல் நிற்றல்.

ஐந்து: ஒரு கண் இமை தொங்குதல், கண் பிதுங்குதல், ஒன்று இரண்டாகத் தெரிதல், பார்வை மங்குதல்.

ஆறு: மேல் அண்ணத்திலோ மூக்கின் உள்ளேயோ வெளிறிய அல்லது கறுத்த திட்டு.

இவற்றுடன் காய்ச்சல், தலைவலி வரலாம். காய்ச்சல் இல்லாமலும் இருக்கலாம். நோய் நுரையீரலில் இறங்கினால் காய்ச்சல், நெஞ்சு வலி, இரத்தம் கலந்த இருமல் வரும். மண் பட்ட காயத்தின் வழியாகத் தோலிலும் வரலாம். சீனி வருத்தக்காரருக்குக் கவ்வாத்துக் கத்தி பட்ட காயமோ, முள்ளுக் குத்திய காயமோ, மருந்து போட்ட பிறகும் ஓரம் கறுத்துக்கொண்டு பரவினால் அதையும் உடனே காட்ட வேண்டும்.

தோழர்களே, மூக்கடைப்பு வந்தவர் எல்லோருக்கும் இந்த நோய் என்று நாம் சொல்லவில்லை. மலைக் குளிரில் சளி இல்லாத வீடு எது? பல்வலி வந்த நூறு பேரில் நூறு பேருக்கும் வெறும் பல்வலியாகவே இருக்கலாம். நாம் சொல்லும் கணக்கு இரண்டு வரிதான். சீனி வருத்தம் இருக்கிறது. முகத்தின் ஒரு பக்கத்தில் புதிதாக ஏதோ நடக்கிறது. இந்த இரண்டும் ஒருவரிடம் சேர்ந்தால் அன்றே காட்ட வேண்டும். அத்துடன் வாந்தி, வயிற்று வலி, மேல்மூச்சு வாங்குதல், தடுமாற்றம் இருந்தால் இரத்தம் அமிலமாகிவிட்டது என்று அர்த்தமாகலாம். அப்போது ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

நாட்கள் எங்கே போகின்றன

ஒரு தோட்டத்தில் ஓர் அக்கா என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது வயது. சீனி வருத்தம் பத்து வருடமாக இருக்கிறது. கிளினிக் போனால் ஒரு நாள் பேர் போய்விடும் என்று இரண்டு தவணை போகவில்லை. மாத்திரை முடிந்து மூன்று வாரம்.

திங்கட்கிழமை பல்வலி தொடங்குகிறது. கிராம்பு வைத்துக்கொண்டு மலைக்குப் போகிறார். செவ்வாய் தோட்ட டிஸ்பென்சரியில் பனடோல் கிடைக்கிறது. வியாழன் கன்னம் வீங்குகிறது. டவுனுக்குப் போய்ப் பல்லைப் பிடுங்குகிறார். சனிக்கிழமை கண் வீங்குகிறது. கண்ணூறு என்று ஒருவர் சொல்ல, உப்பு மிளகாய் சுற்றிப் போடுகிறார்கள். ஞாயிறு வைத்தியர் இல்லை. திங்கள் கிருமிக்கான மருந்து கொடுக்கிறார்கள். புதன்கிழமை ஒரு கண் தெரியவில்லை. அன்றுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு வாகனம் தேடுகிறார்கள்.

பத்து நாள் போய்விட்டது. இந்தப் பத்து நாளில் யாரும் சும்மா இருக்கவில்லை. அக்காவும் ஓடினார், வீட்டாரும் ஓடினார்கள், மருந்தும் கொடுக்கப்பட்டது. ஆனால் "இவருக்குச் சீனி இருக்கிறது, வலி ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கிறது" என்ற இரண்டையும் ஒரே வாயில் யாரும் சொல்லவில்லை. டிஸ்பென்சரியில் பல் மட்டும் பேசப்பட்டது. பல் வைத்தியரிடமும் பல் மட்டுமே பேசப்பட்டது. கண்ணைக் காட்டியபோது பல்லை மறந்துவிட்டார்கள். சீனி எங்குமே பேசப்படவில்லை.

நாட்களின் கணக்கு எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்லலாம். 2008இல் வெளியானது. இரத்தப் புற்றுநோய் போன்ற நோய்களுடன் இந்தப் பங்கசு தாக்கியவர்களைப் பற்றியது. சரியான மருந்து ஆறு நாளோ அதற்கு மேலோ தாமதித்துத் தொடங்கப்பட்டவர்களில் 100க்கு சுமார் 83 பேர் பன்னிரண்டு வாரத்துக்குள் இறந்தார்கள். அதற்கு முன் தொடங்கப்பட்டவர்களில் 100க்கு சுமார் 49 பேர் இறந்தார்கள். சீனி வருத்தக்காரரின் கணக்கு இதே எண்ணாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஆனால் தாமதம் எதைப் பறிக்கிறது என்பது விளங்குகிறது அல்லவா?

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்

இதை ஏன் நாம் விளக்க வேண்டும் என்றால், அங்கே என்ன நடக்கிறது என்று தெரியாத பயத்தில் நமது ஆட்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடக் கூடாது.

முதலில் இரத்தத்தில் சீனி, சிறுநீரில் அல்லது இரத்தத்தில் கீட்டோன், இரத்தத்தின் அமிலத்தன்மை எல்லாவற்றையும் பார்ப்பார்கள். வாயைத் திறக்கச் சொல்லி அண்ணத்தைப் பார்ப்பார்கள். கண்ணை நாலு பக்கமும் அசைக்கச் சொல்லுவார்கள். கன்னத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்பார்கள். காது மூக்கு தொண்டை வைத்தியர், நுனியில் கமரா பொருத்திய மெல்லிய குழாயை மூக்கில் விட்டுப் பார்ப்பார். தொடக்கத்தில் சதை வெளிறி இருக்கலாம், கறுத்திருக்க வேண்டும் என்றில்லை.

அடுத்தது முக்கியமானது. சந்தேகமான இடத்திலிருந்து ஒரு சிறு துண்டு சதையை எடுப்பார்கள். "சதையைக் கிள்ளினால் நோய் பரவும்" என்று சொல்லி இதைத் தடுப்பவர்கள் உண்டு. பரவாது. அந்தத் துண்டுதான் சாட்சி. இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் இலகுவான இரத்தப் பரிசோதனை கிடையாது. வேறு சில பங்கசு நோய்களுக்குச் செய்யும் இரத்தப் பரிசோதனைகள் இதைக் காட்டுவதில்லை. இரத்தத்தை வளர்த்துப் பார்த்தாலும் பொதுவாக இது வளராது. ஆகவே "இரத்தம் சோதித்தோம், ஒன்றும் இல்லை என்றார்கள்" என்பது இந்த நோய் இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

எடுத்த சதையை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பகுதி போமலினில் போடப்பட்டு, சதைக்குள் பங்கசு ஊடுருவியிருக்கிறதா என்று பார்க்கப் போகும். மற்றப் பகுதி போமலின் இல்லாமல், சுத்தமான உப்பு நீரில் பங்கசு ஆய்வுகூடத்துக்குப் போகும். போமலினில் போட்டால் பங்கசு செத்துவிடும், பிறகு வளர்த்துப் பார்க்க முடியாது. ஆய்வுகூடத்தில் அந்தத் துண்டின்மீது ஒரு காரத் துளியை விட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால், சில மணி நேரத்துக்குள்ளேயே விடை கிடைக்கலாம். அகலமான, ரிப்பன் போன்ற, குறுக்குச் சுவர் அதிகமில்லாத இழைகள் தெரிந்தால் அது இந்த இனம். ஒல்லியான, குறுக்குச் சுவர் நிறைந்த, கவட்டைபோல் கிளைவிடும் இழைகள் தெரிந்தால் அது அஸ்பர்ஜிலஸ் போன்ற வேறு இனமாக இருக்கலாம்.

இந்த வித்தியாசம் வெறும் படிப்புக்கானதல்ல. அஸ்பர்ஜிலசுக்கு முதன்மையாகக் கொடுக்கும் வொரிகொனசோல் என்ற மருந்து, மியுகோர் இனத்தை ஒன்றும் செய்யாது. இனம் தெரியாமல் மருந்து கொடுத்தால், மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே நோயும் ஏறும்.

பங்கசை வளர்த்துப் பார்க்கச் சில நாட்கள் எடுக்கும். நோய் இருந்தும் வளராமல் போவது அடிக்கடி நடக்கிறது. சதையை அதிகமாக அரைத்தால் அதன் இழைகள் உடைந்து செத்துவிடும். அதனால் வளர்ப்புப் பரிசோதனையின் முடிவு வரும்வரை வைத்தியர்கள் காத்திருப்பதில்லை, காத்திருக்கவும் கூடாது. கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் இதற்கென்றே பங்கசுவியல் பிரிவு இருக்கிறது. மலைநாட்டு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு துண்டு சதை அங்கே போய்ச் சேருவதும் நேரத்தின் கணக்கில்தான் வருகிறது. சீ.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பது நோய் எதுவரை போயிருக்கிறது, எலும்பைத் தொட்டதா, கண்ணை, மூளையைத் தொட்டதா என்று அறிவதற்கு. அது என்ன பங்கசு என்பதை ஸ்கேன் சொல்லாது. அதைச் சதைதான் சொல்லும்.

கண்டுபிடித்த பிறகு மூன்று வேலை ஒன்றாக நடக்கும். சீனியையும் அமிலத்தையும் இறக்குவார்கள். அம்போடெரிசின் என்ற மருந்தை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். செத்த சதையை வெட்டி அகற்றுவார்கள். முந்திப் போனால் மூக்கின் உட்பகுதியோடு முடியலாம். பிந்திப் போனால் அண்ணத்தை, கண்ணை எடுக்க வேண்டி வரலாம். "கண்ணை எடுக்கப் போகிறார்கள், வா வீட்டுக்குப் போவோம்" என்று இழுத்து வருபவர்கள் உயிரையே இழுத்து வருகிறார்கள்.

சொல்லத் தெரியாவிட்டால் கண்டுபிடிக்க முடியாது

தோழர்களே, இத்தனை கருவிகளைச் சொன்னோம். ஆனால் இந்த நோயைக் கண்டுபிடிக்கும் முதல் கருவி ஆஸ்பத்திரியில் இல்லை. அது ஒருவரின் மனதில் எழும் சந்தேகம். சந்தேகம் வந்தால்தான் வைத்தியர் மூக்குக்குள் பார்ப்பார். பார்த்தால்தான் சதை எடுப்பார். அந்தச் சந்தேகத்தை எழுப்புவது நோயாளி சொல்லும் சொல்.

இங்கேதான் நமது மக்களுக்கு இன்னொரு தடை. "கன்னம் மதமதவென்று இருக்கிறது" என்று ஓர் அம்மா தமிழில் சொல்லுகிறார். எதிரில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாது. அம்மா கன்னத்தைத் தொட்டுக் காட்டுகிறார். அது "வலி" என்று துண்டில் எழுதப்படுகிறது. விறைப்பு என்ற பெரிய அடையாளம் மொழியில் தொலைந்துபோகிறது. தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. நோயைத் தாய்மொழியில் சொல்லுவது நமது உரிமை. அந்த உரிமைக்காகச் சங்கம் பேசும். அதுவரை உயிர் காத்திருக்காது அல்லவா? ஆகவே துணைக்குப் போகிறவர்கள் இரண்டு சிங்களச் சொல்லைக் கற்றுவைத்துக்கொள்ளுங்கள். சீனி வருத்தத்துக்குச் சிங்களத்தில் "தியவெடியாவ". விறைத்துப்போவதற்கு "ஹிரி வெட்டெனவா". இந்த இரண்டும் ஒரே வாக்கியத்தில் வைத்தியரின் காதில் விழட்டும். கிளினிக் கொப்பியை மறக்காமல் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். மாத்திரை எத்தனை நாளாகக் குடிக்கவில்லை என்பதை மறைக்க வேண்டாம். ஏசுவார்கள் என்று பயந்து மறைத்தால் அந்த மறைப்பே ஆளைக் கொல்லும்.

சங்கம் என்ன கேட்கிறது, நாம் என்ன செய்கிறோம்

தோட்ட நிர்வாகங்களிடமும் சுகாதாரத் திணைக்களத்திடமும் நாம் வைக்கும் கோரிக்கைகள் பெரிய செலவுக்குரியவை அல்ல.

ஒவ்வொரு தோட்ட டிஸ்பென்சரியிலும் சீனி பார்க்கும் சிறு கருவியும், அதற்கான பட்டிகளும், சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டிகளும் எப்போதும் இருக்க வேண்டும். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்தால், பல்வலிக்கு வந்தவரின் சீனி 400 என்று ஒரு நிமிடத்துக்குள் தெரிந்துவிடும். மேலே சொன்ன அக்காவுக்கு இரண்டாம் நாளே அது தெரிந்திருக்கும்.

கிளினிக் நாளில் தொழிலாளியின் பேர் போகக் கூடாது. சீனிக்கு மருந்து எடுப்பதற்காக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும் என்றால், வயிற்றுக்கும் உயிருக்கும் இடையில் அவரைத் தெரிவு செய்யச் சொல்லுகிறோம் என்றுதான் அர்த்தம்.

சந்தேகமான நோயாளிக்கு அன்றே கடிதமும் வாகனமும் கொடுக்கப்பட வேண்டும். தோட்ட வைத்திய உதவியாளர் எழுதும் கடிதத்தில் "சீனி வருத்தம் உண்டு, முகத்தில் ஒரு பக்கம்" என்ற விபரம் கட்டாயம் இருக்க வேண்டும். தோட்ட வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்சுக்குக் காசு இல்லை. லயத்துக்கு வரும் பாதை மோசம் என்றால், இளைஞர் அணி நோயாளியைப் பெரிய றோட்டுக்குத் தூக்கி வந்து வைத்திருக்க வேண்டும்.

கோரிக்கை வைப்பதோடு நமது வேலை முடிந்துவிடாது. ஒவ்வொரு மாதர் சங்கமும் தமது தோட்டத்தில் சீனி வருத்தம் உள்ளவர்கள் யார், யார் கிளினிக் போகாமல் நிற்கிறார்கள் என்று அவர்களின் சம்மதத்துடன் ஒரு கொப்பியில் எழுதி வைக்கலாம். கிளினிக் நாளுக்கு முதல் நாள் மாலை கதவைத் தட்டி ஞாபகப்படுத்தலாம். 35 வயதைக் கடந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போய், அரச ஆஸ்பத்திரியில் இலவசமாகச் சீனி பார்க்கச் செய்யலாம். மூட்டு வலிக்கும் இளைப்புக்கும் டவுன் கடையில் பெயர் தெரியாமல் வாங்கி விழுங்கும் மாத்திரைகளை நிறுத்தச் சொல்லலாம். அவற்றில் ஸ்டீரொயிட் இருந்தால் சீனியை ஏற்றிவிடும், உடலின் எதிர்ப்புச் சக்தியையும் இறக்கிவிடும். ஆனால் வைத்தியர் எழுதிக்கொடுத்த ஸ்டீரொயிட்டை நாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. அதை வைத்தியரிடமே கேட்க வேண்டும்.

இந்த நோய் அபூர்வமானது என்று தொடக்கத்தில் சொன்னோம். இங்கே கூறியவற்றைச் செய்தால் இந்த ஒரு நோய்க்கு மட்டுமல்ல பயன். சீனியால் கால் இழப்பவர், கண் இழப்பவர், சிறுநீரகம் இழப்பவர் எல்லோருக்கும் இதே வழிதான் காப்பு. அபூர்வ நோயைப் பிடிக்க விரித்த வலையில், நாளாந்தம் நம்மைத் தின்னும் நோயும் சேர்ந்து விழும்.

தலைவர்களே, தலைவிகளே, நாளைக் காலை பெரட்டில் இதைச் சொல்லுங்கள். நீண்ட பேச்சு வேண்டாம். சீனி இருந்து, முகத்தில் ஒரு பக்கம் வலித்தாலோ, வீங்கினாலோ, விறைத்தாலோ, கண் மாறினாலோ, அன்றே வந்து தலைவரிடம் சொல்லச் சொல்லுங்கள். வந்து சொல்லுகிறவரை அன்றே அனுப்பிவைப்பது நமது பொறுப்பு. கறுக்கும்வரை பார்த்திருக்க வேண்டாம்.